ஆளில்லாத படங்கள்

எனக்கு மனிதர்களைப் படமெடுக்கத் தெரியாது என்றுதான் எங்கள் வீட்டில் வெகுகாலம் நம்பினார்கள். புகைப்படக் கலையை முறையாகப் படித்துவிட்டு வந்த ஒருத்தி கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக் குழுப்படம் எடுப்பதில்லை. காலையில் கேமராப் பெட்டியோடு கிளம்பிப் போய்ச் சுவரையும் தூணையும் எடுத்துவிட்டுத் திரும்புகிறாள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? என் மாமியாருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், என் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "இப்பதான கத்துக்குது. செவுருன்னா ஆடாம அசையாம நிக்கும் பாரு, அதுல ஆரம்பிச்சிருக்காங்க. போகப் போக ஆளுங்கள எடுக்கக் குடுப்பாங்க."

நான் வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் இதையே சொல்லிவந்தார். பள்ளி ஆசிரியரான என் கணவர் ஒருமுறை திருத்தப் பார்த்தார்.

"அவ வேலையே அதாம்மா. பழைய கட்டடங்கள எடுக்கறது."

மாமியார் மகனைப் பரிவோடு பார்த்தார். "நீ உம் பொண்டாட்டிய வுட்டுக்குடுக்க மாட்டே. நல்லாயிருங்க."

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு மாணவிகள். கட்டடக்கலை படிப்பவர்கள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கைப்பேசியில் ராஜகோபுரத்தை எடுத்திருந்தாள். கோபுரம் பின்பக்கமாக மல்லாந்து சாய்வது போல் இருந்தது. விரலால் ஓர் இடத்தைத் தொட்டாள். கோபுரம் நிமிர்ந்து நின்றது. "இப்ப இது ஒரு செகண்ட் வேலைங்க மேடம். உங்க காலத்துல என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சாய்ந்துபோன ஒரு படத்தால் அடி அண்ணாமலையில் ஒரு மண்டபமே தரைமட்டமாகப் பார்த்தது என்பதும், அதை நிமிர்த்த ஓர் ஊரே நடக்க வேண்டியிருந்தது என்பதும் அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

சென்னையில் நான் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. ரசாயனங்களின் பெயர்களையும், இருட்டறையில் கைக்குக் கண் முளைக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். எழுபதுகளின் நடுவில், பழைய கட்டடங்களைப் படமெடுத்துத் தொகுக்கும் ஒரு சிறிய ஆவணப் பிரிவு இங்கே ஒரு வாடகை மாடியில் தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்தேன். பிரிவு என்றால் நான்கைந்து பேர். அதன் தலைவர் கரீம் சார்.

கரீம் சாருக்கு என்னைவிடச் சில வயதே அதிகம். இந்த ஊரில் பல தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். "துணியப் பாத்தா வெல சொல்லத் தெரியல, அதான் வீட்டுல தொரத்திட்டாங்க" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். கலையாத தலை, கசங்காத சட்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. எங்களிடம் இருந்தது துருத்தி வைத்த பெரிய மரக் கேமரா. அதன் பின்புறம் மங்கலான கண்ணாடி ஒன்று உண்டு. எடுக்கப்போகும் காட்சி அதில் தலைகீழாகத் தெரியும். தலைமேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டுதான் அதைப் பார்க்க முடியும். கோபுரத்தின் கலசம் தரையில் கிடக்க, வாசற்படி வானத்தில் தொங்க, அப்படியே பார்த்துப் பார்த்துப் பழகியதால் கரீம் சார் அச்சிட்ட படங்களையும் தலைகீழாகத்தான் மேசையில் வைத்துப் பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள் மரியாதையோடு அதை நேராகத் திருப்பி வைப்பார்கள். அவரும் மரியாதையோடு மறுபடி தலைகீழாக்குவார். "நேரா வச்சா நமக்குத் தெரிஞ்ச கோயில் தெரியும்ங்க. கவுத்து வச்சாத்தான் படம் தெரியும்" என்பார். எடை எந்தப் பக்கம் ஜாஸ்தி, வெளிச்சம் எந்த மூலையில் கம்மி என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. நானும் பிறகு அப்படியே பழகினேன். இன்றும் பேத்தியின் பிறந்தநாள் படத்தைக் கவிழ்த்துப் பார்த்துத் திட்டு வாங்குவது உண்டு.

படம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்க நின்னீங்க?"

அகப்பாடல்களுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். மலரும் பறவையும் அதற்குப் பின்தான். பிரிவும் ஊடலும் அவற்றுக்கும் பின்தான். பழைய கட்டடத்தை எடுக்கப் போனபோதுதான் அந்த வரிசையின் நியாயம் எனக்கு விளங்கிற்று. எங்கே நிற்பது, எந்தப் பொழுதில் நிற்பது என்ற இரண்டும் முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானே வந்து சேரும். உச்சிவெயிலில் ஒரு சிற்பத் தூணை எடுத்தால் அது வெறும் கல். அதே தூணை, சூரியன் பக்கவாட்டிலிருந்து தடவிக்கொண்டு போகும் காலைப்பொழுதில் எடுத்தால் யாளியின் பல்லிடுக்குக்கூடத் தெரியும்.

எங்கள் ஊரில் நிலத்தின் சிக்கல் இன்னும் பெரிது. எந்தக் கோபுரத்தை எடுத்தாலும் பின்னால் மலை வந்து நிற்கும். கோபுரத்தின் அருகே நின்று அகன்ற லென்ஸால் எடுத்தால் மலை ஒரு மேடாகச் சுருங்கிவிடும். ஊருக்கு வெளியே வயலில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் மலை எழுந்து கோபுரங்களையெல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும். இந்த இரண்டு விதமாகவும் நான் எடுத்த படங்களைப் பார்த்த ஒரு பெரிய அதிகாரி, "இதுல எது நிஜம்?" என்று கேட்டார். "ரெண்டும்தாங்க. இந்தம்மா எங்க நின்னாங்கன்னு ரெண்டும் ஒழுங்கா சொல்லுது. பொய் சொல்ற படம் அத மறைக்கும்" என்றார் கரீம் சார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. படத்தில் கட்டடம் இருக்கலாம். உயரம் தெரிவதற்காகக் கறுப்பு வெள்ளை பூசிய எங்கள் அளவுகோல் இருக்கலாம். வேறு எதுவும் கூடாது. கொடியில் காயும் வேட்டி, வரவேற்புத் தட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் கெஞ்சியோ நகர்த்தியோ அப்புறப்படுத்திவிட்டுத்தான் எடுப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வரக் கூடாது. "ஆடு வந்தாகூடப் பரவால்லீங்க. ஆள் வந்தா கண்ணு மூஞ்சிக்குத்தான் போகும், தூணுக்குப் போகாது." அது சரியென்றே எனக்கும் பட்டது. மாமியாரின் நம்பிக்கை உறுதிப்பட்டதும் அந்த விதியால்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கூடை, அது நிறைய வேகவைத்த மல்லாட்டை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"இங்க படம் புடிக்கிற அம்மா யாரு?"

"நான்தாங்க."

"எம் பேரு குப்பம்மா. அடி அண்ணாமலைல ரோட்டு மேல மண்டபம் இருக்குதே, அதுல கட போட்டிருக்கறேன். எந்தப் பாவியோ ஒரு படம் புடிச்சு வேலூருக்கு அனுப்பிட்டான். மண்டபம் சாயுதாம். வர்ற மாசம் இடிக்கறாங்களாம். சாய்ஞ்ச மண்டபத்துலயா நான் இத்தினி வருசமா அடுப்பு வெச்சிருக்கறேன்? எம் மேலதான் உழுந்திருக்கணும் மொதல்ல!"

அந்த மண்டபம் எனக்குத் தெரியும். மலை சுற்றும் பாதையில், நடப்பவர்கள் இளைப்பாறுவதற்காக யாரோ எந்தக் காலத்திலோ கட்டிவைத்த சிறிய கல் மண்டபம். பெரிய சிற்பமில்லை, ஆனால் தூண்களின் அளவும் கூரை விளிம்பின் வளைவும் கண்ணுக்கு இதமானவை. பௌர்ணமிக்கு நடக்க வருகிறவர்களுக்கு அங்கேதான் குப்பம்மாள் மல்லாட்டை விற்றார். தண்ணீர் கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார். கணவர் இல்லை. இரண்டு மகள்கள் அந்த அடுப்பை நம்பித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆகவில்லை. முடிவெல்லாம் வேலூரிலிருந்து வர வேண்டும். கரீம் சார் அங்கே விசாரித்து, சாலையை அகலப்படுத்தும் வேலைக்காக யாரோ எடுத்து அனுப்பியிருந்த படத்தின் பிரதியை வாங்கிவந்தார். பார்த்ததும் புரிந்தது. எடுத்தவர் மண்டபத்துக்கு மிக அருகே நின்று, கூரையும் வர வேண்டுமென்று கேமராவின் மூக்கைத் தூக்கியிருக்கிறார். மூக்கைத் தூக்கினால் செங்குத்துக் கோடுகளெல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்து, மண்டபம் பின்னால் விழப்போவது போலத் தெரியும். எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் வேலூரில் முடிவெடுக்கிறவர் மண்டபத்தைப் பார்த்ததில்லை, படத்தைத்தான் பார்த்தார்.

"நம்ம கேமராவுல நேரா எடுத்து அனுப்பிட்டாப் போச்சு" என்றேன். எங்கள் கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியும். கோடுகள் சாயா.

கரீம் சார் படத்தைக் கவிழ்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். "போச்சா? அவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'சாய்ஞ்சத நிமித்தற மிஷின் வச்சிருக்கீங்க, அதுல நிமித்திட்டீங்க'ம்பாங்க. சொன்னா தப்பும் இல்ல. நம்ம கேமராவால அதையும் பண்ண முடியும்."

அவர் சொன்னது உண்மை. இரண்டு படங்கள், ஒன்று சாய்வு, ஒன்று நேர். எதை நம்புவது என்று பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? நேராக எடுத்தால் மட்டும் போதாது. நேர் என்பது எது என்பதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டும். எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் சுவரோரம் நூலில் குண்டு தொங்கவிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"மண்டபத்து முன்னால ஒரு தூக்குநூல் தொங்கவிட்டு எடுத்தா என்ன சார்? கயித்த நாம நிமித்த முடியாது. தூண் சாய்ஞ்சிருந்தா கயித்துக்குப் பக்கத்துல காட்டிக் குடுத்துடும்."

அவர் முகம் சுருங்கியது. "படத்துக்குள்ள கயிறா?"

"கயிறுதான் சார்."

"கொடில காயற துண்டையே ஆகாதுன்னு சொல்றவன்கிட்ட வந்து, கயிறு கட்டட்டுமான்னு கேக்கறீங்க." குடையை எடுத்துக்கொண்டு கீழே டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, "வெள்ளக் கயிறா இருக்கட்டும். பின்னால மண்டபம் இருட்டா இருக்குது" என்றார். அவர் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

எங்கே நிற்பது? மண்டபத்துக்கு எதிரே சாலை. சாலைக்கு அப்பால் அந்த ஊரின் ஒரே மாடி வீடு. அதன் மொட்டைமாடியில் கேமராவை வைத்தால் மூக்கைத் தூக்கவே வேண்டாம். லென்ஸ் பலகையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டோம்.

"மாடிக்கு ஏறி எத எடுக்கப் போறீங்க?"

"எதிர்ல மண்டபத்தங்க."

"எங்கூட்டு மாடில நின்னு கல்லு மண்டபத்த எடுப்பீங்க, எங்கூட்டு ஆளுங்கள எடுக்க மாட்டீங்க. நல்லா கீதே ஞாயம்!"

முதலில் அந்தக் குடும்பத்தைப் படமெடுத்தோம். பதினைந்து பேருக்குக் குறையாது. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் அவர்களை நிறுத்தினேன்: உயரமானவர்கள் இரண்டு ஓரங்களில், இடைவெளி சமமாக, நடுவில் வாய் நிறைய வெற்றிலையோடு பெரியவர். கரீம் சார் காதோரம் சொன்னார்: "நல்ல மண்டபம்ங்க. கொஞ்சம் வெத்தல போடுது, அவ்வளவுதான்."

பிறகு கயிறு. மண்டபத்துக் கூரை விளிம்பில், ஓரத் தூணுக்கு அருகே கட்டித் தொங்கவிட்டோம். கிடைத்தது பழுப்புக் கயிறு, மாடியிலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. குப்பம்மாள் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கயிறு நெடுகப் பூசினார். கொத்தனாரிடம் இரவல் வாங்கிவந்த குண்டு அந்தக் கனமான கயிற்றை இழுத்து நிறுத்தப் போதவில்லை. குப்பம்மாளின் அம்மிக் குழவியைக் கட்டினோம். கயிறு விறைத்து நின்றது.

அடுத்த சங்கடம் ஆட்கள். கேமரா வந்த செய்தி பரவி, மண்டபத்துக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஒதுங்கச் சொன்னால் ஒதுங்கி நின்று தலையை மட்டும் நீட்டினார்கள். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. மிக மெதுவான ஃபிலிமைப் போட்டு, லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, முன்னால் ஒரு கறுத்த கண்ணாடியும் வைத்து, மூடியைத் திறந்து வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நடமாடிக்கொண்டிருக்கும் எதுவும் ஃபிலிமில் பதியாது. அசையாமல் இருப்பது மட்டுமே பதியும். குப்பம்மாளிடமும் இதைச் சொல்லிவைத்தேன்.

ஆனால் மலைப்பக்கமிருந்து காற்று வீசியது. குழவி ஊஞ்சலாடத் தொடங்கிவிட்டது. ஆடினால் கயிறும் பதியாது. மறுபடியும் எங்கள் கொத்தனாரைத்தான் நினைத்துக்கொண்டேன். காற்றடிக்கும் நாளில் அவர் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுவார், ஆட்டம் அடங்கிவிடும். குழவி முழுகும் அளவுக்கு அங்கே இருந்த ஒரே பாத்திரம் குப்பம்மாளின் மல்லாட்டை அண்டா.

"அண்டாவக் குடுத்துட்டா இன்னிக்கு நான் எதுல வேக வெக்கறது?"

"இன்னிக்கு ஒரு நாளுங்க."

"இடிச்சுப்புட்டா என்னிக்கும்தான் இல்ல. இந்தாங்க, எடுத்துக்குங்க." அவரே தண்ணீர் நிரப்பினார். குழவி தண்ணீருக்குள் அடங்கியது. கயிறு அசையாமல் நின்றது. உடனே ஓர் ஆடு வந்து அண்டாவில் வாய் வைத்தது.

குப்பம்மாள் ஆட்டை விரட்டிவிட்டு அண்டாவின் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் மாடியிலிருந்து கத்தினேன். "நவுந்துக்குங்க, படத்துல வருவீங்க!"

"நான் நவுந்தா ஆடு வந்து முட்டும். வந்தா வந்துட்டுப் போறேன். நீங்க எடுங்க!" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யோவ், எல்லாம் அப்படியே நடங்க! நிக்காதீங்க! நின்னா படத்துல உழுந்துடுவீங்க, அப்புறம் வேலூருக்காரன் 'இத்தினி பேரு இங்க என்னா பண்றீங்க'ன்னு கேப்பான்!"

நான் மூடியைத் திறந்தேன். அதற்குப் பின் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. அந்த ஊரே மண்டபத்துக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தது. ஏர்மாட்டோடு வந்தவர் மாட்டோடு நடந்தார். சைக்கிள்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். குடும்பப் படத்துக்கு நின்ற மாடி வீட்டுப் பெரியவர்கூட வெற்றிலையை மென்றபடி இறங்கிவந்து சேர்ந்துகொண்டார். "இன்னும் எத்தினி சுத்துடி குப்பம்மா?" என்று ஒரு கிழவர் கேட்டார். குப்பம்மாள் பதில் சொல்லவில்லை, உதடுகூட அசையவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ஊரார் அன்றுதான் பார்த்தார்கள். கரீம் சார் காற்று தாக்காமல் கேமராவுக்குக் குடை பிடித்து நின்றார். மூடியை மூடினேன்.

இருட்டறையில் படம் தட்டில் மெல்ல எழுந்து வந்தபோது முதலில் தெரிந்தது கயிறு. வெள்ளையாக, நூல் பிடித்தாற்போல. அடுத்து அதன் பக்கத்தில் தூண். இரண்டுக்கும் நடுவிலிருந்த இருட்டுப் பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். மண்டபம் நேராகத்தான் நின்றது. நடந்த ஊரில் ஒருவர்கூடப் பதியவில்லை. சாலையில் ஒரு மெல்லிய புகை போல ஏதோ இருந்தது. அண்டாவின் அருகே குப்பம்மாள் மட்டும் தெளிவாக உட்கார்ந்திருந்தார்.

கரீம் சார் படத்தை வழக்கம்போலக் கவிழ்த்து வைத்தார். "கவுத்தாலும் கயிறு நேராத்தாங்க இருக்குது." பிறகு அவர் விரல் குப்பம்மாளிடம் போய் நின்றது. "ஆள் இருக்குதே."

"ஆமா சார். இன்னொன்னு எடுக்கலாம். ஊரத்தான் மறுபடி நடக்கச் சொல்லணும்."

"கண்ணு மூஞ்சிக்குப் போவுது பாருங்க." விரலை நகர்த்தி, "அங்கருந்து கயித்துக்குத்தான் போவுது" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் அளவுகோலை மண்டபத்தில் வைக்க நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். அவர் படத்தின் பின்புறம் வழக்கமாக 'அளவுகோல்' என்று எழுதும் இடத்தில் 'உடன் இருப்பவர்: குப்பம்மாள்' என்று எழுதினார்.

படம் வேலூருக்குப் போனது. அதைப் பார்த்த அதிகாரி தானே புறப்பட்டு வந்தார். கயிறு கட்டிய இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். குப்பம்மாள் கொடுத்த மல்லாட்டையைத் தின்றார். போகும்போது, சாலையை எதிர்ப்பக்கம் சற்று ஒதுக்கிப் போடச் சொன்னார். இன்றும் அந்த இடத்தில் வண்டிகள் லேசாக வளைந்துதான் போகின்றன. ஊருக்குள்தான் கொஞ்ச நாள் மனத்தாங்கல் இருந்தது. "அத்தினி பேரு நடந்தோம், ஒருத்தர் மூஞ்சிகூட இல்லியே! அவ ஒருத்தி குந்திக்கினு இருந்தா, அவ மட்டும் வந்துட்டா!" என்றார்கள். சமாதானத்துக்காக ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் போய் எல்லோரையும் மண்டபத்தின் முன் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அதில் மண்டபம் தெரியவே இல்லை.

குப்பம்மாள் இருந்த படத்தின் ஒரு பிரதியை வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆள எடுக்கக் குடுத்துட்டாங்களா!" என்றார். "யாரு கண்ணு இது? நல்லா விழுந்திருக்கறா."

கரீம் சார் இப்போது இல்லை. மாமியாரும் இல்லை. கேமராவை வைத்த மாடி வீடு தங்கும் விடுதியாகிவிட்டது. அந்த மாணவிகளிடம் படத்தைக் காட்டினேன். ஒருத்தி கயிற்றைப் பார்த்தாள், மற்றவள், "ரோட்டுல யாருமே இல்லியே மேடம்?" என்று கேட்டாள். எல்லோரும் இருந்தார்கள் என்று சொன்னேன். படத்தை அவள் கையில் தலைகீழாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மண்டபம் கவிழ்ந்து நின்றது, கயிறு நேராக இருந்தது. வெறும் சாலையின் ஓரத்தில் அண்டாவைக் காத்துக்கொண்டு குப்பம்மாள் இருக்கிறார்.